பாதி அடுப்புக்கு, பாதி வணக்கத்துக்கு

அன்புள்ள ஐயா,

விவிலியத்தின் ஏசாயா நூலில் 44-ஆம் அதிகாரம் எனக்குச் சங்கடம் தருகிறது. ஒரே மரத்தில் பாதியை எரித்துக் குளிர்காய்ந்து, ரொட்டி சுட்டுத் தின்றுவிட்டு, மீதியைத் தெய்வமாகச் செதுக்கி வணங்குகிறான் என்று தீர்க்கதரிசி கேலி செய்கிறார். மரம் மரம்தான் என்பது பாபிலோனியருக்குத் தெரியாதா? எதிராளியின் நம்பிக்கையைப் புரிந்துகொள்ளாத கிண்டல் அல்லவா இது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அவர்களுக்குத் தெரியும். அந்தக் கிண்டல் சுடுவதும் அதனால்தான்.

பாபிலோன் இருந்த மெசொப்பொத்தாமியாவில் (இன்றைய ஈராக் பகுதி) புதிய சிலையைக் கோவிலில் நிறுவுமுன் ‘வாய் கழுவுதல்’ என்றொரு சடங்கு நடந்தது. அதன் விதிமுறைகள் நினிவேயிலும் பாபிலோனிலும் கிடைத்த களிமண் பலகைகளில் இருக்கின்றன. சிலையைச் செய்த கைவினைஞரின் கைகளைத் துணியால் கட்டி, மரவாளால் வெட்டுவதுபோல் பாவனை செய்வார்கள். ‘இதை நான் செய்யவில்லை’ என்று அவர்கள் சத்தியம் செய்து, செய்தது தங்கள் தொழிலுக்குரிய தெய்வமே என்று சொல்ல வேண்டும். நேற்றுவரை உளி பிடித்த கை அது! மனிதக் கை செய்தது தெய்வமாகுமா என்ற கேள்வி அவர்களை உறுத்தாமலிருந்தால் இப்படியொரு சத்தியம் எதற்கு?

ஏசாயா நூல் விடாமல் சுட்டிக்காட்டுவது அந்தக் கையைத்தான். கொல்லன் பசியால் பலமிழக்கிறான், தண்ணீர் குடிக்காமல் களைத்துப்போகிறான். தச்சன் நூல் பிடித்துக் குறியிடுகிறான். சடங்கு மூடி மறைத்த பட்டறையைத் தீர்க்கதரிசி திறந்து வைக்கிறார். சடங்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதது நியாயமா என்றால், இல்லை என்றே சொல்வேன். ஆனால் யாருக்காகப் பேசினார் என்பதையும் பார்க்க வேண்டும். கி.மு. 586-ஐ ஒட்டி எருசலேம் ஆலயம் எரிந்து, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கான சொற்கள் இவை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. பாபிலோனின் தலைமைத் தெய்வமான மர்தூக் வென்றான், நம் கடவுள் தோற்றார் என்று கலங்க அவர்களுக்குக் காரணம் இருந்தது. அவர்களிடம்தான் 46-ஆம் அதிகாரம், பேல் எனப்பட்ட அதே மர்தூக்கும் நேபோ என்ற இன்னொரு பாபிலோனியத் தெய்வமும் களைத்த மிருகங்களின் முதுகில் சுமையாகப் போவதைக் காட்டுகிறது. இஸ்ரவேலின் கடவுளோ, நரைவயது வரை உங்களைச் சுமப்பேன் என்கிறார்.

இந்தக் கோடரி அயலாருக்கு மட்டும் ஓங்கப்பட்டதென்றும் எண்ண வேண்டாம். வனாந்தரத்தில் மோசே செய்த வெண்கலப் பாம்புக்கு மக்கள் தூபம் காட்டிவந்தபோது, யூதாவின் அரசன் எசேக்கியா அதை உடைத்துப்போட்டான் என்கிறது 2 இராஜாக்கள் 18:4. கடவுளே சொல்லிச் செய்வித்தது என்றாலும் அது தப்பவில்லை.