நகம் வெட்டும்போது டிவி எதுக்கு?

கேள்வி: அக்கா, பிரஸ் மிஷின்ல வலது கை போச்சு. மூளைச்சாவு அடைஞ்ச ஒருத்தரோட கையை வெச்சு 14 மாசம் ஆகுது. சாப்பிடும்போது யாரோ ஊட்டி விடுற மாதிரியே இருக்கு, கலர் கூட வேற. அந்தக் கை நகத்தை வீட்ல தான் வெட்டி விடுவா, நான் டிவி பக்கம் திரும்பிக்குவேன். ஒடம்பு இந்தக் கையைத் தள்ளிடாம இருக்க குடுத்த மாத்திரையை கரெக்டா போடுறேன். இந்த நெனப்பு எப்போ போகும்? (பெரம்பூர் வாசகர்)

பதில்: தம்பி, தேதி எல்லாம் என்கிட்ட இல்ல. நரம்பு வளர்றதே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தான், மனசு அதைவிட ஸ்லோவா வரட்டும். எனக்கு உறுத்துனது அந்த டிவி. இடது கை உங்க சொந்தக் கை, நல்லாத்தானே இருக்கு? அப்போ வலது கை நகத்தை நீங்களே வெட்டலாமே, இடது கை நகத்துக்குத்தான் ஒத்தாசை கேக்கணும். நம்ம ஸ்டான்லி ஜிஹெச்ல 2018ல ஒருத்தருக்கு ரெண்டு கையும் வெச்சாங்க, அவருக்குச் சொந்தக் கைன்னு ஒண்ணுகூட இல்ல. உங்களுக்கு அருவருப்பு, அதைச் சொல்ல கூச்சம். சரி, உங்களுக்கே ஆகாததை அந்தப் பொண்ணு மட்டும் மடியில வெச்சு வெட்டணுமா? அவளுக்கு இது யார் கையோன்னு தோணாதா? ஒரு நாளாவது கேட்டீங்களா?

கிட்னின்னா உள்ள இருக்கு, ஒடம்பு ஒத்துக்கலைன்னா டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும். கை அப்படியில்ல, சிவப்பா திட்டுத் திட்டா வரும், வீங்கும், தோலே காட்டிக்கொடுத்துடும், ஆனா பாக்க ஆள் வேணுமே. 1998ல பிரான்ஸ்ல லியோன் ஊர்ல கிளின்ட் ஹாலம்னு ஒருத்தருக்கு கை வெச்சாங்க, அவரும் இது என் கையே இல்லன்னு மனசு விட்டுப் போயி மாத்திரையை நிறுத்தி, கடைசியில 2001ல அவரே கேட்டு அதை எடுத்துட்டாங்க. முதல்ல மூஞ்சைத் திருப்புவோம், அப்புறம் தான் மாத்திரை மறக்கும்னு என் கணிப்பு.

கண்ணு, கிட்னி குடுக்குற வீட்டுக்காரங்க கூட கைன்னா தயங்குவாங்க, வெளியில தெரியுமே. வழக்கமா செயற்கைக் கை மாட்டித்தான் பாடியைக் குடுப்பாங்க. அப்படி வாங்கிட்டுப் போன வீட்ல ஒரு அம்மா இதே நகத்தை சின்ன வயசுல வெட்டி விட்டிருப்பாங்க. இப்போ அது வளர்றது நீங்க திங்குற சோத்துல. பாக்க வேண்டியது உங்க கடமை, இதுல எனக்கு ரெண்டாவது பேச்சு கிடையாது.

அடுத்த செக்கப்புல "நல்லா இருக்கேன் சார்"னு சொல்லிட்டு ஓடி வந்துடாம, டீம்ல இருக்குற மனநல டாக்டர்கிட்ட இந்த டிவி கதையைச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை நகவெட்டியை நீங்களே எடுங்க. ஒட்ட வெட்டாதீங்க, உணர்ச்சி முழுசா வரலைன்னா சதையில பட்டாலும் தெரியாது, நீங்க போடுற மாத்திரை ஒடம்போட எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும், சின்னக் காயம் கூட சீழ் வெச்சுடும். அதனால கண்ணை அங்கேயே வெச்சுத்தான் வெட்டணும்.