48 வயதில் நீச்சலா?

கேள்வி: திருச்சியில் வங்கி வேலை பார்க்கிறேன். வயது 48. ஓராண்டாகத் தூக்கம் சரியில்லை. காரணமே இல்லாமல் படபடப்பு, சின்ன விஷயத்தில்கூட மறதி. ரத்தப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. நீச்சல் கற்றுக்கொண்டால் மனசு தெளியும் என்கிறாள் மகள். எனக்கோ தண்ணீர் என்றாலே பயம். இந்த வயதில் இது தேவையா?

பதில்: மகள் பேச்சைக் கேளுங்கள், சகோதரி. அதற்கு முன் மகளிர் நல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். மாதவிடாய் நிற்கப்போகும் பருவத்திலும் நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளும் வரும். வலிப்போ இதயக் கோளாறோ இருந்தால் அதற்குரிய மருத்துவரிடம் கேட்காமல் குளத்தில் இறங்க வேண்டாம்.

படபடப்பு வந்தால் மூச்சு மேலோட்டமாக, வேகமாக ஓடும். 'மெதுவாக மூச்சு விடு' என்று யார் சொன்னாலும் இரண்டே நிமிடத்தில் மறந்துபோகும். தண்ணீரில் அப்படி மறக்க முடியாது. முகத்தை நீருக்குள் வைத்துக் குமிழி குமிழியாக நீளமாக மூச்சை விட்டே ஆக வேண்டும். முதல் வாரம் கோச் சொல்லித்தருவது பெரும்பாலும் இதைத்தான். மூச்சை நீளமாக விடும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. கை, கால், மூச்சு மூன்றையும் ஒரே தாளத்தில் கொண்டுவரும் முயற்சியில் கவலை தானாகவே பின்னுக்குப் போகும். போனும் கரையில்தான் இருக்கும்!

சரி, மறதி? தூக்கம் கெட்டாலே நினைவு தடுமாறும். உடல் களைத்தால் தூக்கம் சீராக வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. ஓராண்டு வேகமாக நடந்தவர்களுக்கு, நினைவைக் காக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. அது நடைப்பயிற்சி ஆய்வுதான். ஆனால் நீச்சலும் அதேபோல இதயத்தையும் நுரையீரலையும் வேலை வாங்கும் பயிற்சி. மூட்டுக்கு மட்டும் பாரம் குறைவு. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீச்சல், நடை இரண்டையும் சேர்த்தே அதை எட்டலாம்.

பயத்தை நினைத்து வெட்கப்படாதீர்கள். கிராமத்துக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு இறங்கிய பிள்ளைகளும் முதல் நாள் அழுதவர்கள்தான். பெண்களுக்குத் தனி நேரமும் உயிர்காப்பாளரும் உள்ள குளமாகப் பாருங்கள். மார்பளவு தண்ணீரைத் தாண்ட வேண்டாம், சுவரிலிருந்து கையை எடுக்க அவசரமும் வேண்டாம்.

இன்று மாலையே ஓர் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, முகத்தை வைத்துப் பத்துக் குமிழி விட்டுப் பாருங்கள். மகளைப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணச் சொல்லுங்கள்.