முகூர்த்தப் பூவிலிருந்து பாலாறு வரை: நுண்பொருளியல் கேள்வி பதில்

கல்லூரியில் பொருளியல் நடத்தியவன் என்பதால் நம் குழுவில் என்னைப் பதில் சொல்லச் சொன்னார்கள். நுண்பொருளியல், அதாவது வாங்குபவர், விற்பவர், ஒரு பொருளின் சந்தை பற்றியது மட்டும் கேளுங்கள் என்றேன். வந்த வரிசையிலேயே தருகிறேன்.

காட்பாடி, பி.காம். மாணவி: விலை ஏறினால் தேவை குறையும் என்று படிக்கிறோம். ஆவணி முகூர்த்தத்தில் மல்லிகை விலை ஏறுகிறது, விற்பனையும் கூடுகிறது. விதி தப்பா சார்?

விதி சரிதான் அம்மா. நுண்பொருளியல் படிப்பவர்கள் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆடியில் கல்யாணம் இல்லை. ஆவணி பிறந்ததும் எல்லா மண்டபமும் நிறைகிறது. ஒவ்வொரு விலையிலும் முன்பைவிட அதிகப் பூ கேட்கிறார்கள், அதாவது எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் தேவைக்கோடு முழுவதுமாக வலப்பக்கம் நகர்கிறது. எந்த விலைக்கு எவ்வளவு விற்க வருவார்கள் என்று காட்டும் அளிப்புக்கோட்டை அது மேலே ஓரிடத்தில் வெட்டுவதால் விலையும் கூடும், விற்கும் அளவும் கூடும். விலை ஏறியதால் மக்கள் வரவில்லை. மக்கள் வந்ததால் விலை ஏறியது.

விதி சொல்வது வேறு. அதே முகூர்த்த நாளில் முழம் 40 ரூபாய்க்குப் பதில் 80 ரூபாய் என்றால், பத்து முழம் வாங்க வந்தவர் ஆறோடு நிறுத்திக்கொள்வார். மற்றவை மாறாமல் விலை மட்டும் மாறினால் நடப்பது இதுதான்.

எல்லோருக்கும் என் எச்சரிக்கை: பென்சிலை எடுக்கும் முன் "முதலில் மாறியது எது?" என்று கேளுங்கள். அந்தப் பொருளின் விலை மாறினால் கோட்டின் மேலேயே நகர்வோம். வருமானம், ருசி, பருவம், வேறு பொருளின் விலை மாறினால் தேவைக்கோடே இடம் மாறும்.

குடியாத்தம்: நல்ல நோட்ஸ் எங்கே கிடைக்கும்?

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் புத்தகத்தின் முதல் சில பாடங்கள் போதும். இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

அணைக்கட்டு, விவசாயி: முள் கத்திரிக்காய் நன்றாகக் காய்த்த வருஷம்தான் கையில் காசு குறைகிறது. ஏன்?

ஐயா, இதற்குக் காரணம் தேவை நெகிழ்ச்சி, அதாவது விலை ஒரு சதவீதம் மாறினால் வாங்கும் அளவு எத்தனை சதவீதம் மாறும் என்பது. ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் 100 மூட்டை, மூட்டை 1,000 ரூபாய், ஆக 1,00,000. இந்த வருஷம் உங்களுக்கு மட்டுமல்ல, சுற்றுவட்டாரம் முழுக்க விளைச்சல் 20 சதவீதம் கூடுகிறது. கத்திரிக்காய் மலிவு என்பதற்காக யாரும் மூன்று வேளையும் அதையே சமைப்பதில்லை. அதிகமாக வந்ததை விற்றுத் தீர்க்க விலை 40 சதவீதம் இறங்க வேண்டியிருக்கிறது. 120 மூட்டை, 600 ரூபாய், ஆக 72,000.

அளவு 20 சதவீதம் கூட, விலை 40 சதவீதம் இறங்க வேண்டியிருந்தால் நெகிழ்ச்சி 0.5. அது ஒன்றுக்குக் கீழே இருக்கும் பொருளில் விலை இறங்கினால் மொத்த வருமானமும் இறங்கும். நீங்கள் ஒருவர் மட்டும் குறைவாகப் பயிரிட்டாலும் சந்தை விலை அசையாது. அதுதான் இதில் கொடுமை. 2023இல் வேலூர் முள் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைத் தேடி வாங்கும் வெளியூர்க்காரர்கள் பெருகினால் தேவைக்கோடு வலப்பக்கம் நகரும். குறியீடு கிடைத்துவிட்டதாலேயே அது தானாக நகராது. (உங்கள் நல்ல விளைச்சல் வருஷத்தில் முதலில் மாறியது எது? விளைச்சல். ஆகவே நகர்ந்தது அளிப்புக்கோடு.)

சத்துவாச்சாரி: எனக்குக் கணக்கு வராது. படிக்கலாமா?

தாராளமாக. சதவீதமும் கோட்டின் சாய்வும் தெரிந்தால் அடிப்படைக்குப் போதும்.

வேலூர், லாட்ஜ் நடத்துபவர்: அறை காலியாகக் கிடக்கும் நாளில் வாடகையைக் குறைத்துக் கொடுப்பது நஷ்டமா?

கட்டடக் கடன், காவலாளி சம்பளம் எல்லாம் அறை காலியாக இருந்தாலும் போகும் மாறாச் செலவு. இன்றிரவு ஒருவரைத் தங்கவைப்பதால் புதிதாக ஆகும் செலவு எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். தண்ணீர், கரண்ட், போர்வை துவைப்பது எல்லாம் சேர்த்து 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் 400 கொடுத்தால் 250 மிச்சம். அந்த 150 ரூபாயைத்தான் இறுதிநிலைச் செலவு என்கிறோம். ஆனால் முழு வாடகை தருபவர்களும் அதே 400 கேட்கத் தொடங்கினால் கணக்கு தலைகீழாகும். சிகிச்சைக்காக வாரக்கணக்கில் தங்குபவர்களுக்குத் தனி வாடகை வைப்பது பொருளியல்படியும் சரி.

ஆரணி: நோட்ஸ் அனுப்ப முடியுமா?

குடியாத்தம் நண்பருக்குச் சொன்னதே.

வாணியம்பாடி, தோல் தொழில்: புறவிளைவு என்று சொல்லி எங்களை மட்டும் குற்றவாளி ஆக்குகிறார்கள். எத்தனை குடும்பம் எங்களால் சாப்பிடுகிறது! அது நல்ல புறவிளைவு இல்லையா?

இல்லை பாய். உழைப்புக்குக் கூலி கொடுக்கிறீர்கள், அது சந்தைக்குள் நடக்கும் பரிமாற்றம். வாங்குபவரும் இல்லாத, விற்பவரும் இல்லாத மூன்றாமவர் மேல் விலையில்லாமல் விழுவதுதான் புறவிளைவு. பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பிடுகிறோம், பிறகு ஊறவைக்கும்போது அந்த உப்பு தண்ணீரில் இறங்குகிறது. அது பாலாற்றங்கரைக் கிணற்றில் சேர்ந்து தென்னை காய்ந்தால், அந்த இழப்பு தோலின் விலையில் எங்கேயும் ஏறவில்லை. இந்த இழப்பையும் சேர்த்த சமூகச் செலவைவிட ஆலை கணக்கிடும் தனியார் செலவு குறைவாகத் தெரிவதால் உற்பத்தி அளவுக்கு மீறுகிறது. இந்த வித்தியாசத்தை வரியால் ஈடுகட்டலாம் என்று 1920இல் பொருளியலாளர் பிகு எழுதினார். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. நம் ஊர் வழக்கு இந்தியச் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு முக்கியமான முன்னுதாரணமானது.

ராணிப்பேட்டை: எல்லா ஆலையையும் மூடிவிட்டால் தீர்ந்தது. இதற்கு எதற்குப் பொருளியல்?

மூடினால் தீராது என்பதற்கு உங்கள் ஊரே சான்று. அங்கே ஒரு இரசாயன ஆலை மூடிப் பல வருஷமான பிறகும் அதன் குரோமியக் கழிவு மண்ணிலேயே கிடந்தது. ஒவ்வொரு அலகு மாசைக் குறைக்க ஆகும் செலவையும் அதனால் தவிரும் சேதத்தையும் எடை போடுங்கள். குடிநீர் கெடும் இடத்தில் சேதம் மிகப் பெரிது, அங்கே விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனால் "எல்லாம்" என்பது கணக்கே போடாத பதில்.

வாணியம்பாடி, மீண்டும்: இரு தரப்பும் பேசித் தீர்க்கலாம் என்று சொன்ன பொருளியலாளரும் உண்டே?

ரொனால்ட் கோஸ், 1960. உரிமை யாருக்கு என்பது தெளிவாக இருந்து, பேரம் பேசச் செலவும் ஆகாவிட்டால் முடியும். பாலாற்றிலோ நூற்றுக்கணக்கான ஆலைகள், கரையெங்கும் கிணறுகள். எந்த உப்பு யாருடையது என்று யார் சொல்வது? பேரத்துக்கு ஆகும் செலவைத்தான் கோஸும் வலியுறுத்தினார். அதனால் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் தேவைப்படுகிறது. அதிலும் கட்டணத்தை லிட்டர் கணக்கில் மட்டும் வாங்கினால் ஆலைகள் தண்ணீரைக் குறைக்கும், உப்பைக் குறைக்காது. உப்பின் எடைக்கு விலை வைக்க வேண்டும்.

ஆம்பூர், மாணவர்: அப்படியென்றால் வரி போட்டதும் தோலின் தேவைக்கோடு இடப்பக்கம் நகரும், சரியா?

தம்பி, மேலே அவ்வளவு எழுதியும் இதையே கேட்கிறீர்கள். முதலில் மாறியது எது? உற்பத்திச் செலவு. அளிப்புக்கோடுதான் இடப்பக்கம் நகரும், தேவைக்கோட்டின் மேல் நாம் நகர்வோம்.

அடுத்த படிதான் முக்கியம். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆம்பூரில் விலை ஏறினால் வேறு நாட்டுக்குப் போவார். அவருடைய தேவை நெகிழ்ச்சி மிகுந்தது. ஆகவே வரிச்சுமையில் பெரும்பகுதி முதலாளி மேலும் கூலியாள் மேலும்தான் இறங்கும். வாணியம்பாடி நண்பரின் பயம் நியாயமானது என்று ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் கிணற்றுக்காரர் அந்தச் செலவைச் சுமக்க வேண்டும் என்றாகாது.

திருப்பத்தூர்: ரெப்போ விகிதம் ஏறினால் பணவீக்கம் குறையுமா?

அது நாடு முழுவதன் பொருளாதாரத்தைப் பார்க்கும் பேரினப் பொருளியல். இங்கே வேண்டாம்.

வாலாஜா: கணக்கு தெரியாமல் படிக்கலாமா?

சத்துவாச்சாரிக்குச் சொன்ன பதில்.

செய்யாறு: விலைதானே காரணம், கணக்கில் காரணத்தைக் கீழ் அச்சில்தானே வைப்பார்கள், இதை மட்டும் ஏன் நிற்கும் அச்சில் வரைகிறார்கள்?

நல்ல கேள்வி. 1890இல் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் பிரபலப்படுத்திய வழக்கம் இது. இந்த அளவு சரக்கு வந்தால் என்ன விலை கிடைக்கும் என்ற கோணத்தில் பார்த்ததால் அவர் அளவைக் கீழ் அச்சில் வைத்தார். பரீட்சையில் அப்படியே வரையுங்கள்.