ஆபரேஷன் ஆனாலும் முதல் மணி நேரத்தில் தாய்ப்பால் கொடுக்க முடியுமா?

கேள்வி: எங்கள் ஊர் ஈரோடு மாவட்டத்தில் மலைமேல், தாளவாடிப் பக்கம். மனைவிக்குத் தாய்வீடு கர்நாடகத்தில், சாம்ராஜ்நகர் அருகே. தலைப்பிரசவம் மூன்று வருடம் முன்பு அம்மா வீட்டுப் பக்கமே ஒரு மருத்துவமனையில் ஆபரேஷனில் நடந்தது. காலையில் பிறந்த குழந்தையை மதியத்துக்கு மேல்தான் அவளிடம் கொடுத்தார்கள். அதற்குள் சர்க்கரைத் தண்ணீர் புகட்டியாகிவிட்டது. சாயங்காலம் பால் பவுடர். மூன்று நாள் "பாலே சுரக்கவில்லை" என்றார்கள், கடைசிவரை புட்டிப் பால்தான். இப்போது எட்டாவது மாதம். இந்தத் தடவையும் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும், கழுதைப் பால் ஒரு சங்கு புகட்டினால் நல்லது என்கிறார் என் அம்மா. நாங்கள் என்ன செய்ய வேண்டும்? பிரசவத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு தடவை படித்தேன். "மதியத்துக்கு மேல்தான் அவளிடம் கொடுத்தார்கள்." பால் சுரக்காமல் போன கதை பெரும்பாலும் அந்த வரியில்தான் தொடங்கியிருக்கும். உங்கள் மனைவி உடம்பில் ஏதோ குறை என்று நினைக்க, நீங்கள் எழுதியதில் ஒரு காரணமும் இல்லை. மூன்று வருடமாக அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார். முதலில் அதைச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியே வந்ததுமே தாயின் உடம்பு பால் சுரப்புக்கான வேலையைத் தொடங்கிவிடும். ஆனால் முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். கொஞ்சமாகத்தான் வரும், கெட்டியாக, மஞ்சளாக இருக்கும். பிறந்த அன்று குழந்தையின் வயிறு ஒரு தடவைக்குக் கொள்வதே ஒரு டீஸ்பூன் அளவுதான் என்பதால் அந்தக் கொஞ்சமே அதற்குப் போதும். வெள்ளையாக, நிறைய வரும் பால் மூன்றாம் நாள் வாக்கில் இறங்கும். ஆபரேஷன் ஆனவர்களுக்கு இன்னும் ஒரு நாள் தள்ளிப்போகலாம். இது தெரியாமல் முதல் நாளே மார்பை அழுத்திப் பார்த்து, நாலு சொட்டுத்தான் வருகிறது என்று "பால் இல்லை" என முடிவுகட்டிவிடுகிறார்கள். பவுடர் பால் உள்ளே போகிறது. வயிறு நிறைந்த குழந்தை தூங்குகிறது, சப்புவதில்லை. சப்பினால்தான் அடுத்த வேளைக்குப் பால் ஊறும். சப்பாத மார்பு, தேவையில்லை போலிருக்கிறது என்று சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் நடந்தது அநேகமாக இதுதான்.

உங்களுக்கு மட்டும் நடந்ததும் அல்ல. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாட்டில் நூற்றுக்கு 88 பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் நூற்றுக்கு 42 பேர்தான். ஆக, மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தும் அந்த ஒரு மணி நேரத்தை இழக்கிறோம். யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. குழந்தையைத் துடைத்து, எடை பார்த்து, துணியில் சுற்றி வெளியே காத்திருக்கும் பாட்டி கையில் கொடுத்துவிடுகிறார்கள். தாய் உள்ளே தையல் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். குழந்தையை அவரிடம் கொண்டுபோவது யார் பொறுப்பு என்று யாருக்கும் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இந்த எட்டாம் மாதத்திலேயே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடமும் நர்ஸிடமும் வாய்விட்டுக் கேளுங்கள்: "ஆபரேஷன் முடிந்ததும் குழந்தையை எவ்வளவு நேரத்தில் தாயின் மார்பில் போடுவீர்கள்?" இப்போது பெரும்பாலான ஆபரேஷன்கள் முதுகில் ஊசி போட்டுத்தான் நடக்கின்றன. தாய் விழித்திருப்பார், பேசுவார். அவரும் குழந்தையும் நன்றாக இருந்தால், தையல் நடக்கும்போதே குழந்தையை அவர் நெஞ்சில் தோலோடு தோலாகப் படுக்க வைக்க முடியும். தியேட்டரில் வசதிப்படாது என்றால், வார்டுக்கு மாற்றியதும் முதல் வேலையாக அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். எல்லை தாண்டிய மருத்துவமனை என்றால் கன்னடத்திலேயே கேளுங்கள்: "மகுவன்ன எதெ மேலே ஹாகி." குழந்தையை மார்பின் மேல் போடுங்கள் என்கிற இந்த ஒரு வரியை, துணைக்கு இருக்கப்போகும் பெண்மணியும் மனப்பாடம் செய்துகொள்ளட்டும்.

துணைக்கு யார் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வெட்டுப்பட்ட வயிற்றோடு முதல் நாள் அவரால் தானாக எழுந்து உட்கார முடியாது. ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம், முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வேண்டும். இல்லையென்றால், குழந்தையின் உடம்பைத் தாயின் அக்குள் பக்கம் வருமாறு இடுக்கிப் பிடித்துக் கொடுக்கலாம், தையல் மேல் பாரம் விழாது. காம்பை மட்டும் வாயில் வைத்தால் புண்ணாகும், பாலும் வராது. குழந்தை வாயை அகலத் திறக்கும் நேரம் பார்த்து, கருவட்டத்தின் பெரும்பகுதி உள்ளே போகும்படி அணைக்க வேண்டும். கீழுதடு வெளிப்பக்கம் மடங்கியிருக்கும், தாடை மார்பில் ஒட்டியிருக்கும். துணைக்கு இருப்பவர் பார்க்க வேண்டியது இந்த இரண்டைத்தான். ஆபரேஷனுக்குப் பிறகு வழக்கமாகக் கொடுக்கும் வலி மாத்திரைகளும் ஆன்டிபயாடிக் மருந்துகளும் தாய்ப்பாலுக்குத் தடை இல்லை.

குழந்தையை வார்மருக்கோ (கதகதப்பாக வைக்கும் படுக்கை), பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கோ எடுத்துப் போய்விட்டால்? அப்போதும் கையால் எடுக்கலாம். சுத்தமாகக் கழுவிய கையின் கட்டைவிரலைக் கருவட்டத்துக்குச் சற்று வெளியே மேல்பக்கமும், மற்ற விரல்களைக் கீழ்ப்பக்கமும் வைக்க வேண்டும். முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, அப்படியே விரல்களை ஒன்றோடொன்று சேர்த்து, விட வேண்டும். முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே வராது. பயப்பட வேண்டாம். அப்புறம் காம்பின் நுனியில் உருக்கிய நெய் போல ஒரு சொட்டு வந்து நிற்கும், சட்டென்று விழாது. கொதிக்க வைத்து எடுத்த ஸ்பூனில் அதைத் தொட்டு வாங்கி, பாலாடையிலோ ஸ்பூனிலோ உள்ளே அனுப்பிவிடலாம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எடுக்க வேண்டும்.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். அவரோடு சண்டை போடாதீர்கள். மகனையும் பேரனையும் வளர்த்தெடுத்த கை அது. எல்லையோர வார்டு ஒன்றில், உங்கள் பக்கத்து அஜ்ஜி (பாட்டி) ஒருவர், மருமகளிடமிருந்து நான் ஸ்பூனில் பிடித்த மஞ்சள் சொட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது கிண்ணு இல்ல?" என்றார். மாடு கன்று போட்டதும் கறக்கும் பாலைக் கன்னடத்தில் கிண்ணு என்பார்கள், கொங்குப் பக்கம் கடும்பு. ஆமாம் அஜ்ஜி, அதேதான் என்றேன். கன்றுக்கு அது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், மாடு வளர்த்தவர். மேற்கொண்டு நான் ஒன்றும் விளக்கவில்லை. ஸ்பூனை அவரே வாங்கிப் புகட்டினார். உங்கள் அம்மாவிடமும் அங்கிருந்தே பேச்சைத் தொடங்குங்கள். சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருள்களும் வைட்டமின் ஏ சத்தும் நிறைய இருக்கின்றன. வயிற்றில் தேங்கியிருக்கும் தார் போன்ற முதல் மலத்தை அது சீக்கிரம் வெளியேற்றும். குழந்தை சப்பும்போது தாயின் கர்ப்பப்பை சுருங்கி உதிரப்போக்கு குறையும். பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக இனிப்புத் தொட்டு வைக்கும் சேனை வைக்க உங்கள் அம்மா ஆசைப்பட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அந்த முதல் சீம்பாலை அவர் கையாலேயே ஸ்பூனில் புகட்டட்டும். சேனையும் ஆயிற்று, முதல் பாலும் ஆயிற்று.

கழுதைப் பால் வேண்டவே வேண்டாம். தெருவில் கறந்து அப்படியே தரும் பச்சைப் பால் அது, கிருமி எங்கிருந்து வருமோ தெரியாது. ஒரு வயது வரை தேனும் கூடாது, பச்சிளங்குழந்தைக்கு உயிராபத்தான நச்சுத்தொற்று அதிலிருந்து வரலாம். சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து, வசம்பு எதுவுமே ஆறு மாதம் வரை தேவையில்லை. வெயில் காலமானாலும் தண்ணீர்கூட வேண்டாம். இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. கானா நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 11,000 குழந்தைகளைக் கவனித்து 2006ல் வெளியான ஆய்வு ஒன்று, எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் மணி நேரத்திலேயே தாய்ப்பால் தொடங்கினால் பச்சிளங்குழந்தை இறப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தடுக்கலாம் என்று கணக்கிட்டது.

எடை மிகக் குறைந்து பிறந்தாலோ, தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்து குழந்தையின் ரத்தத்தில் சர்க்கரை இறங்கினாலோ, மருத்துவர் வேறு பாலோ குளுக்கோஸோ கொடுக்கச் சொல்லலாம். அது சிகிச்சை, மறுக்காதீர்கள். ஆனால் கூடவே சீம்பாலையும் கொடுக்கலாமா என்று கேளுங்கள். காரணம் சொல்லாமல் யாராவது பவுடர் டப்பா வாங்கி வரச் சொன்னால், என்ன காரணத்துக்காக என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மருத்துவமனை மூலம் பால் பவுடரையும் புட்டியையும் விளம்பரப்படுத்துவதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. நீங்களாகவும் முன்கூட்டி ஒரு டப்பா வாங்கி வைக்காதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நடுராத்திரி அழுகைக்கு அதைத்தான் தேடுவீர்கள்.

எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தீர்கள். ஏற்கெனவே ஒரு ஆபரேஷன் ஆனவர் என்பதால் இரவிலும் ஆபரேஷன், ரத்தம், குழந்தை மருத்துவர் மூன்றும் கிடைக்கும் இடம்தான் வேண்டும். அது சாம்ராஜ்நகரா, மலையிறங்கி சத்தியமங்கலமா என்பது அப்புறம்தான். சத்தியமங்கலத்துக்கு இறங்கும் திம்பம் மலைப்பாதையில் 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, ஆம்புலன்ஸைத் தடுக்க மாட்டார்கள். 108 இரண்டு மாநிலத்திலும் ஓடுகிறது. எந்தப் பக்கம் போனாலும் தமிழ்நாட்டுப் பிக்மி எண் (கர்ப்பிணிப் பதிவு எண்), கர்நாடகத்தின் தாயி கார்டு (கர்ப்பிணிக்குத் தரும் அட்டை), முதல் ஆபரேஷன் சீட்டு மூன்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். வலி வரும்வரை காத்திருக்காமல், ஆபரேஷன் தேதிக்கு முன்பே அடிவாரத்திலோ நகரத்திலோ உறவினர் வீட்டில் போய்த் தங்கிவிடுவது இன்னும் நல்லது.

பால் போதுகிறதா என்பதை மார்பை அழுத்திப் பார்க்காதீர்கள், துணியை எண்ணுங்கள். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு தடவை சிறுநீர் போனால் போதும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறு தடவைக்குக் குறையக் கூடாது. முதல் வாரம் எடை கொஞ்சம் இறங்கும், பத்தில் ஒரு பங்குக்குமேல் இறங்கினால் காட்டுங்கள். குழந்தை எழுப்பியும் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, உள்ளங்கால் வரை மஞ்சள் ஏறினாலோ, உடம்பு சில்லிட்டாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

சத்தியமங்கலத்தில் பிரசவம் என்றால், வீட்டுக்குக் கிளம்பும் நாளில் காலையிலேயே வண்டியை வரச் சொல்லுங்கள். ஏறும் முன் ஒரு தடவை வயிறாரக் கொடுக்கட்டும். பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் குழந்தை மறுபடி வாயைத் திறந்து தேடத் தொடங்கும். வளைவில் நிறுத்தாமல், திம்பம் போய்ச் சேர்ந்ததும் ஓரமாக நிறுத்தி, அங்கே கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.