வன்னியில் குறும்படம் எடுப்பவருக்குத் திரைப்பட விழாவால் என்ன பயன்?

கிளிநொச்சியிலிருந்து குறும்படம் எடுக்கும் நீங்கள், அதை யூடியூப்பில் ஏற்றாமல் விழாவுக்கு அனுப்புவதால் என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கிடைப்பது பெரிய திரையும், இருட்டில் அமர்ந்து முழுப் படத்தையும் பார்க்கும் சபையுமாகும். இரணைமடுக் குளக்கட்டில் எடுத்த உரையாடலில் ஒலிவாங்கியை உரசிய காற்றின் இரைச்சல் கைத்தொலைபேசியில் பெரிதாகத் தெரியாது; அரங்கின் ஒலிபெருக்கியிலோ அது நடிகரின் குரலையே விழுங்கிவிடும், அந்தப் பாடத்தை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கற்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். 2015 இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேச திரைப்பட விழா, ஏ9 வீதியால் ஏறக்குறைய 65 கிலோமீற்றர் தூரத்தில்தான் நடைபெறுகிறது. இணையத்தில் ஏற்கெனவே வெளியான படங்களைச் சில விழாக்கள் ஏற்பதில்லை ஆகையால், விதிகளை வாசிக்கும்வரை பதிவேற்றத்தைப் பிற்போடுங்கள். ஆங்கிலத் துணைத்தலைப்பும் அவசியம்.