சீன எலக்ட்ரிக் கார்கள் உண்மையிலேயே அவ்வளவு மலிவா? வாங்கி ஓட்டுபவர்களின் அனுபவம் எப்படி?

சீனாவின் ஷென்சென் நகரில் வேலை பார்க்கிறேன். 2023-ல் இங்கேயே ஒரு சிறிய எலக்ட்ரிக் ஹேட்ச்பேக் வாங்கினேன். மூன்று வருடம் ஆகப் போகிறது, இன்னும் அதே கார்தான். கேள்வியின் இரண்டு பாதிக்கும் என் அனுபவத்தை வைத்தே பதில் சொல்கிறேன். காரின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். நான் சொல்லப் போகும் குறைகள் ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமானவை கிடையாது.

விலை மலிவுதான், அதில் சந்தேகமே வேண்டாம். சீனக் கார் கம்பெனியான பிஒய்டியின் (BYD) சீகல் என்ற சிறிய எலக்ட்ரிக் கார் ஏப்ரல் 2023-ல் 73,800 யுவானுக்கு விற்பனைக்கு வந்தது. அடுத்த மார்ச்சில் 69,800 ஆனது. மே 2025-ல் சலுகை விலை 55,800. இரண்டே வருடத்தில் ஏறக்குறைய கால்வாசி இறங்கிவிட்டது. இத்தனைக்கும் அது நான்கு பேர் வசதியாக உட்கார்ந்து போகிற, ஏசி, பெரிய திரை எல்லாம் உள்ள முழுமையான கார்.

இது எப்படிக் கட்டுப்படியாகிறது? பெரும்பாலும் பேட்டரியால்தான். பிஒய்டி 1995-ல் பேட்டரி கம்பெனியாகத் தொடங்கியது. கார் செய்ய வந்தது அதற்குப் பிறகுதான். விலை குறைந்த சீனக் கார்களில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. விலை அதிகமான நிக்கலும் கோபால்ட்டும் அதற்குத் தேவையில்லை. அதோடு, 2022 நவம்பரில் டன் 6 லட்சம் யுவானைத் தொடப் போன, பேட்டரிக்கு மூலப்பொருளான லித்தியம் கார்பனேட், 2023 முடிவதற்குள் ஒரு லட்சம் பக்கம் வந்துவிட்டது. மீதிக்குக் காரணம் போட்டி. ஒருவர் குறைத்தால் மற்றவரும் குறைத்தே ஆக வேண்டிய நிலைமை.

அந்தப் போட்டி, ஏற்கெனவே வாங்கியவனை என்ன செய்கிறது என்பதை நான் நேரில் பார்த்தேன். கார் வாங்கிய ஐந்தாவது மாதம், என் அலுவலகத்தில் பக்கத்து இருக்கை நண்பர் அதே மாடலை வாங்கினார். மதிய இடைவேளையில் பில்லைக் காட்டினார். நான் கொடுத்ததைவிட 9,000 யுவான் குறைவு. என் காரில் பின்பக்கக் கேமரா மட்டும்தான், அவர் காரில் சுற்றிலும் கேமரா. ஷோரூமில் எனக்கு விற்ற பையனுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். "அண்ணா, நீங்கள் வாங்கிய அன்றைக்கு அதுதான் விலை" என்று பதில் வந்தது. அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சீனாவில் கார் வைத்திருப்பவர்கள் இதற்கு 'முதுகில் குத்து' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

வலி அதோடு முடிவதில்லை. புதுக் காரின் விலை இறங்கும்போது என் பழைய காரின் மதிப்பும் கூடவே இறங்குகிறது. போதாக்குறைக்கு 'ஜீரோ கிலோமீட்டர் பழைய கார்' என்று ஒன்று இருக்கிறது. விற்பனைக் கணக்கைக் கூட்டிக் காட்ட, ஓடாத காரையே பதிவு செய்து, பழைய கார் சந்தையில் தள்ளிவிடுவார்கள். கிரேட் வால் என்ற சீனக் கார் கம்பெனியின் தலைவர் வெய் ஜியன்ஜுன் 2025 மே மாதம் இதைப் பகிரங்கமாகவே சொன்னார். பதிவுச் சான்றிதழில் மட்டும் பழையதாக இருக்கும் அந்தக் காரோடு என் கார் போட்டி போட வேண்டும். ஆகவே இரண்டு வருடத்தில் விற்றுவிட்டு வேறு வாங்கலாம் என்ற எண்ணம் இருந்தால், இந்தக் கார்கள் மலிவு என்ற கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும்.

சரி, ஓட்டுவது எப்படி? தினசரி ஓட்டத்துக்குக் குறையே சொல்ல மாட்டேன். சத்தமில்லை, சிக்னலில் இருந்து சட்டென்று கிளம்பும். நூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு யூனிட் போல ஆகிறது. இங்கே பொதுச் சார்ஜரில் மின்கட்டணம், சேவைக் கட்டணம் என்று இரண்டு பகுதி உண்டு. அதுவும் நேரத்துக்கு நேரம் மாறும். நள்ளிரவுக்கு மேல் போட்டால் இரண்டும் சேர்ந்தே யூனிட் ஒரு யுவானுக்குள் முடிந்துவிடுகிறது. அதே அளவு பெட்ரோல் கார் அந்த நூறு கிலோமீட்டருக்குக் குடிக்கும் பெட்ரோலுக்கு நாற்பது யுவானுக்கு மேல் ஆகும்.

ஏமாறும் இடம் நெடுஞ்சாலை. சீனாவில் விளம்பரத்தில் போடும் தூரம் சிஎல்டிசி என்ற சோதனைக் கணக்கு. அது நிதானமான நகர ஓட்டத்துக்குச் சாதகமானது. பிஒய்டியின் ஒரே பேட்டரி உள்ள ஒரே கார், சீனாவில் யுவான் பிளஸ் என்ற பெயரில் 510 கி.மீ. என்கிறது. ஐரோப்பாவில் ஆட்டோ 3 என்ற பெயரில் டபிள்யுஎல்டிபி என்ற அங்கத்திய சோதனைக் கணக்கில் 420 என்கிறது. என் காருக்கு விளம்பரத்தில் போட்டிருந்தது 400 பக்கம். நகரத்துக்குள் அதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். நெடுஞ்சாலையில் 110-ல் ஏசி போட்டு ஓட்டினால் 270 வந்தால் அதிகம். அதிலும் வழியில் வேகச் சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் ஆமை வேகம்தான், 20-க்குக் கீழே இறங்கவிட மனம் வராது. கையில் நிற்பது 160 கிலோமீட்டர். 400 என்று நம்பி வாங்கிய காரில் 160 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்க வேண்டியிருந்தது.

அக்டோபர் தேசிய விடுமுறையில் மனைவி, குழந்தையோடு ஹுனான் மாகாணம் பக்கம் போனபோதுதான் இது முழுதாக உறைத்தது. சர்வீஸ் ஏரியாவில் நான்கு சார்ஜர் கன், எனக்கு முன்னால் பதினேழு கார். இரண்டு கன்களுக்கு ஒரே பெட்டி. பக்கத்தில் இன்னொரு கார் வந்து செருகியதும் என் திரையில் சார்ஜ் ஏறும் வேகமாக 58 கிலோவாட் என்று ஓடிக்கொண்டிருந்த எண் 30-க்கு இறங்கியது. "என்னங்க, ஏசியை அணைச்சிடவா?" என்று மனைவி கேட்டாள். அணைத்துவிட்டு வெளியில் நின்றோம். மூன்று மணி நேரம் போனது. இப்போது நீண்ட பயணத்தை விடுமுறையின் முதல் நாளிலும் கடைசி நாளிலும் வைப்பதே இல்லை.

பேட்டரியைப் பற்றி நிறையப் பேர் பயந்து கேட்கிறார்கள். இதுவரை எனக்குப் பேட்டரியால் ஒரு தொல்லையும் வரவில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த வகை பேட்டரியில் சார்ஜ் பாதியாகக் குறைந்தாலும் மின்னழுத்தம் அவ்வளவாக மாறாது. அதனால் மீதி எவ்வளவு என்று காரே சரியாகக் கணிக்கத் திணறும். வாரம் ஒரு முறையாவது முழுதாக ஏற்றினால் கணக்கு நேராகிவிடும். நான் இரண்டு மாதம் அப்படிச் செய்யாமல் விட்டு, ஒரு நாள் 11 சதவீதத்தில் இருந்து திடீரென 5-க்கு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். சீனாவில் பேட்டரி, மோட்டார் போன்ற முக்கிய பாகங்களுக்குக் குறைந்தது 8 வருடம் அல்லது 1,20,000 கி.மீ. உத்தரவாதம் கட்டாயம். 'ஆயுள் உத்தரவாதம்' என்று பெரிதாகப் போட்டிருந்தால் கீழே உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான் இருக்கும்.

ஷோரூம் விலையில் தெரியாதவை சில. இன்சூரன்ஸ், அதே விலை பெட்ரோல் காரைவிடக் கூடுதல். நம்பர் பிளேட்டில் மட்டும் லாபம். ஷென்செனில் 2014 கடைசியில் இருந்து பெட்ரோல் காருக்குக் குலுக்கல் அல்லது ஏலம், ஷாங்காயிலோ ஏலத்தில் 90,000 யுவான் வரைகூடப் போகும். எலக்ட்ரிக் காருக்குப் பச்சை பிளேட் இலவசம். பத்து சதவீத வாங்கல் வரியும் 2025 முடியும்வரை 30,000 யுவான் வரம்புக்குள் தள்ளுபடியாக இருந்தது. 2026-ல் இருந்து பாதி கட்ட வேண்டும். இதையெல்லாம் சேர்த்துத்தான் இங்கே மலிவு.

வெளிநாட்டில் இருந்து கேட்பவர்களுக்கு: இங்கத்திய விலையை மனதில் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அதே சீகல், கொஞ்சம் நீளம் கூட்டி, பாதுகாப்பு வசதிகள் சேர்த்து, 2025-ல் டால்ஃபின் சர்ஃப் என்று ஐரோப்பாவுக்குப் போனபோது 22,990 யூரோ. சீன விலைக்கு மூன்று மடங்குக்கும் மேல். ஐரோப்பிய ஒன்றியம் 2024 அக்டோபர் கடைசியில் வழக்கமான 10 சதவீதத்துக்கு மேல் பிஒய்டிக்கு 17, எஸ்ஏஐசி என்ற இன்னொரு சீனக் கம்பெனிக்கு 35.3 என்று கூடுதல் வரி போட்டது உண்மை. ஆனால் 27 சதவீத வரியால் விலை மூன்று மடங்கு ஆகாது. இங்கே போட்டியில் விட்டதை அங்கே எடுக்கிறார்கள். அமெரிக்கா 100 சதவீத வரி போட்டுக் கதவையே அடைத்துவிட்டது.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். வெய்மா என்ற சீன எலக்ட்ரிக் கார் கம்பெனி 2023-ல் திவால் மறுசீரமைப்புக்குப் போனது. இன்னொரு கம்பெனியான ஹைஃபை 2024 பிப்ரவரியில் உற்பத்தியை நிறுத்தியது. அதே வருடம் டிசம்பரில் ஜியுவே, 2025-ல் நேட்டா என்று மேலும் இரண்டு கம்பெனிகள் நெருக்கடியில் விழுந்தன. இந்தக் கார்களில் திறப்பது, பூட்டுவது, சார்ஜ் நேரம் வைப்பது என எல்லாம் செயலி வழியாகத்தான். கம்பெனி மூடினால் சர்வரும் போகும், உதிரிப் பாகமும் போகும். வாங்கியவர்கள் ஒரு பம்பருக்காக மாதக்கணக்கில் அலைகிறார்கள், கடனை மட்டும் தவறாமல் கட்டுகிறார்கள். அதனால் யார் என்னிடம் கேட்டாலும், திரை எவ்வளவு பெரிது என்பதைப் பார்க்காதீர்கள் என்பேன். இந்தக் கம்பெனி மாதம் எத்தனை கார் விற்கிறது, சர்வீஸ் சென்டர் எத்தனை, செயலி இல்லாமல் சாவியால் திறக்க முடியுமா என்று பாருங்கள். அப்புறம், கையில் காசு இருந்தால் கூடுதல் அலங்கார வசதிகளை விட்டுவிட்டு ஒரு படி பெரிய பேட்டரி எடுங்கள்.

போன மாதம் பழைய கார் வியாபாரி ஒருவரிடம் சும்மா விலை கேட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டு, நான் கொடுத்ததில் பாதிகூடத் தேறாத ஒரு தொகையைச் சொன்னார். வீட்டுக்கு வந்து மனைவியோடு கணக்குப் போட்டோம். உத்தரவாதத்தில் இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது, ஓடியது 43,000 கிலோமீட்டர்தான். விற்பதில்லை என்று முடிவு செய்து, தேய்ந்திருந்த முன் டயர் இரண்டையும் மாற்றிவிட்டோம்.