மங்கூஸில் நான் எழுதாத பெயரில் கலெக்ஷன் எப்படி வருகிறது?

கேள்வியில் நீங்கள் சொல்வது இது: மங்கூஸில் (மாங்கோடிபி டேட்டாபேஸை ஜாவாஸ்கிரிப்டிலிருந்து கையாள உதவும் லைப்ரரி) ஒரு மாடலுக்கு, அதாவது ஒரு வகைப் பதிவைக் குறிக்கும் கிளாஸுக்கு, 'பெர்சன்' என்று பெயர் கொடுத்தீர்கள், மாங்கோடிபியைத் திறந்தால் 'டெஸ்ட்' என்ற டேட்டாபேஸுக்குள் 'பீப்பிள்' என்ற கலெக்ஷன் (பதிவுகளின் தொகுப்பு) இருக்கிறது, இரண்டு பெயரையும் நீங்கள் எங்கேயும் எழுதவில்லை.

'பீப்பிள்' மங்கூஸ் வைத்த பெயர். மாடல் பெயரை முழுக்கச் சின்ன எழுத்தாக்கி, ஆங்கிலப் பன்மையாக மாற்றிவிடும். அதற்கென்று உள்ளே ஒரு விதிப்பட்டியலே இருக்கிறது. ரைஸ், ரெயின், மணி மாதிரி பன்மை ஆகாத சொற்கள் தனிப்பட்டியலில் இருப்பதால் அவற்றைத் தொடாது. எண்ணில் முடியும் பெயரும் அப்படியே நிற்கும். எந்த விதியிலும் சேராத மற்றதற்கெல்லாம் கடைசியில் ஒரு எஸ்.

இது ஆங்கிலச் சொல்லா, தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதியதா என்று அதற்குத் தெரியாது. நான் மாட்டியது அங்கேதான். சேலம் அஞ்சு ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஆபீஸில் வேலை பார்த்தபோது, ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டுக்கு மண் பரிசோதனைக் கணக்கு வைக்க ஒரு செயலி செய்தோம். மண் என்பதால் மாடலுக்கு எம்-ஏ-என் என்று மூன்றே எழுத்தில் பெயர் வைத்தேன். மங்கூஸுக்கு அது ஆண்பிள்ளை, அதனால் எம்-இ-என் என்று கலெக்ஷன் உருவாகி மூன்று மாதக் கணக்கும் அதில் போய்ச் சேர்ந்தது. அப்புறம் ரிப்போர்ட் பகுதியை இன்னொருவர் ஜாவாவில், ஸ்பிரிங் டேட்டா என்ற லைப்ரரியை வைத்து எழுதினார். அது பன்மையாக்காது, கிளாஸ் பெயரின் முதல் எழுத்தை மட்டும் சின்னதாக்கும், ஆகவே எம்-ஏ-என் கலெக்ஷனைத் தேடியது. அப்படி ஒன்று இல்லவே இல்லை, ஆனால் மாங்கோடிபி பிழை எதுவும் சொல்லாமல் வெறும் பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிடும். எந்த பிளாக்கில் புளிப்பு அதிகம், எங்கே சுண்ணாம்பு போடவேண்டும் என்று மழைக்கு முன்னால் பார்க்க நினைத்த எஸ்டேட்காரர் போன் போட்டு, "கண்ணு, மூணு மாசமா ஏத்துன மண்ணு கணக்கு எங்க போச்சு?" என்று கேட்டார். மாங்கோடிபிக்குக் கட்டளை தட்டும் ஷெல்லில் கலெக்ஷன் பட்டியலை எடுத்துப் பார்க்கும் வரை எனக்கு உயிரே இல்லை.

ஒரே கிளாஸுக்கு ஒவ்வொரு லைப்ரரியும் ஒவ்வொரு பெயர் வைக்கும் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும். 'பிளாக்போஸ்ட்' என்று இரண்டு சொல் சேர்ந்த கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள்: மங்கூஸ் இரண்டையும் ஒட்டிச் சின்ன எழுத்தில் பன்மையாக்கும், ரூபியின் மாங்காய்ட் நடுவில் அடிக்கோடு போட்டுப் பன்மையாக்கும், பைத்தானின் மாங்கோஎஞ்சின் அடிக்கோடு போடும் ஆனால் ஒருமையிலேயே விடும்.

சரி, 'டெஸ்ட்' எங்கிருந்து வந்தது? டேட்டாபேஸோடு இணைக்க நீங்கள் கொடுக்கும் முகவரி வரியில், அதாவது கனெக்ஷன் ஸ்ட்ரிங்கில், சர்வர் முகவரிக்குப் பிறகு ஒரு சாய்கோடு போட்டு டேட்டாபேஸ் பெயர் எழுதவேண்டும், எழுதாவிட்டால் மங்கூஸுக்கு அடியில் மாங்கோடிபியோடு பேசும் டிரைவர் தானாக 'டெஸ்ட்' என்று எடுத்துக்கொள்ளும். இதைத் திருத்தும்போது ஒரு விஷயம் கவனியுங்கள்: அங்கே பெயர் எழுதியதும், நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால், லாகினையும் அந்த டேட்டாபேஸிலேயே சரிபார்க்கப் போகும். உங்கள் யூசர் 'அட்மின்' டேட்டாபேஸில் இருந்தால் 'ஆத்சோர்ஸ்' என்ற அமைப்பில் அதைக் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் உள்ளே விடாது.

கலெக்ஷன் பெயருக்கு, ஸ்கீமாவின் (பதிவில் என்னென்ன இருக்கும் என்று சொல்லும் வரையறை) 'கலெக்ஷன்' ஆப்ஷனிலோ, மாடல் உருவாக்கும்போது மூன்றாவது மதிப்பாகவோ நீங்களே பெயரைக் கொடுத்துவிடுங்கள், அதை மங்கூஸ் மாற்றாது. ஸ்பிரிங் டேட்டாவில் கிளாஸுக்கு மேலே 'டாக்குமென்ட்' என்ற அனோட்டேஷனில் (குறிப்பு வரி) அதே பெயரைக் கொடுங்கள். ஏற்கெனவே 'பீப்பிள்' கலெக்ஷனில் டேட்டா சேர்ந்திருந்தால் பயப்படவேண்டாம், ரீநேம் கட்டளை கொடுத்தால் இன்டெக்ஸோடு சேர்ந்து பெயர் மாறிவிடும். நாங்களும் அதைத்தான் செய்தோம், அன்று சாயங்காலமே எஸ்டேட்காரருக்கு மண் கணக்கு திரும்ப வந்துவிட்டது.